விருதுப் படிவத்தில் இல்லாத கேள்வி

வாசகர் கேள்வி – பதில்

சுதந்திர தின விருதுகளுக்கு விண்ணப்பம் வாங்கும் பருவம் இது. அதனால்தானோ என்னவோ, தொண்டு நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்களிடமிருந்து இந்த முறை வந்த கடிதங்கள் பெரும்பாலும் விருதைப் பற்றியே இருந்தன. நான் நிலக்கோட்டைப் பக்கம் ஒரு சிறிய டிரஸ்டில் 27 வருடம் களப்பணி பார்த்தவள். கடந்த 6 வருடமாக, உள்ளூர் அமைப்புகளின் புதிய முயற்சிகளுக்குத் தரும் ஒரு விருதின் நடுவர் குழுவில் இருக்கிறேன். விண்ணப்பம் எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்ததும் உண்டு. வந்த விண்ணப்பங்களைப் படித்துத் தேர்ந்தெடுத்ததும் உண்டு. அந்த அனுபவத்தில்தான் பதில் சொல்கிறேன்.

அம்மா, எங்கள் டிரஸ்ட் 19 வருடமாக மாலை நேர வகுப்பு நடத்துகிறது. ‘புதுமையான செயல்பாட்டுக்கான விருது’ என்று ஓர் அறிவிப்பு பார்த்தேன். ஆப், மெஷின் என்று எங்களிடம் எதுவும் கிடையாது. நாங்கள் விண்ணப்பிக்கலாமா?
– வாசகி, ஒட்டன்சத்திரம்

தாராளமாக விண்ணப்பியுங்கள். ஆனால் ‘19 வருடமாக நடத்துகிறோம்’ என்று ஆரம்பிக்காதீர்கள். இந்த 19 வருடத்தில் வகுப்பில் எதையெல்லாம் மாற்றினீர்கள், யார் சொல்லி மாற்றினீர்கள் என்பதிலிருந்து ஆரம்பியுங்கள்.

ஏன் என்று கேட்டால், ஒன்று சொல்கிறேன். நான்கு வருடத்துக்கு முன் எங்கள் குழுவுக்கு 43 விண்ணப்பங்கள் வந்தன. ஒன்று மட்டும் கையால் எழுதிய மூன்று பக்கம். தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு மாத்திரைப் பை தைத்துக் கொடுக்கும் ஒரு சிறிய அமைப்பு. படிக்கத் தெரியாதவர்கள் காலை மாத்திரையை ராத்திரியும் ராத்திரி மாத்திரையைக் காலையிலும் போட்டுக்கொள்கிறார்கள் என்பதால், தையல்கடை வெட்டுத்துணியில் மூன்று பாக்கெட் வைத்து ஒரு பை. முதல் சுற்றிலேயே அதை ஒதுக்கிவிட்டார்கள். கடையிலேயே பிளாஸ்டிக் டப்பா கிடைக்கிறதே, இதில் என்ன புதுசு என்பது காரணம். எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன்.

பை வாங்கியிருந்த ஒரு பாட்டியின் வீட்டில் காலண்டருக்குப் பக்கத்து ஆணியில் அது தொங்கியது. ஒவ்வொரு பாக்கெட்டிலும் தடித்த நூலால் ஒரு படம். மேலே காபி டம்ளர், நடுவில் சோற்றுத் தட்டு, கீழே சுருட்டி வைத்த பாய். நன்றாக இருக்கிறதே என்றேன். கூட வந்திருந்த, பை தைக்கும் பெண், தன் கூடைக்குள் கைவிட்டு ஒரு பழைய பையை எடுத்துக் காட்டினார். அதில் உதிக்கிற சூரியன், உச்சி வெயில் சூரியன், நிலா. “முதல்ல தச்சது இதுதாம்மா. கண்ணு மங்குனவங்களுக்கு மூணுமே வட்டமாத்தான் தெரியுது. மத்தியான மாத்திரையக் காலையிலேயே போட்டுட்டாங்க” என்றார். பாட்டி கட்டிலில் உட்கார்ந்தபடி குறுக்கே வந்தார்: “நான் எந்திரிச்சா சூரியனையா பாக்குறேன்? காபிய இல்ல பாக்குறேன்!”

காபி டம்ளர் போட்டு மாற்றித் தைத்த அந்த இரண்டாவது பைக்குத்தான் நான் விருது கேட்டு வாதாடினேன். எங்கள் படிவத்தில் பயனாளிகள் எண்ணிக்கைக்குக் கட்டம் இருந்தது, செலவுக்குக் கட்டம் இருந்தது, ‘தாக்கம்’ என்று எழுத அரைப் பக்கம் இருந்தது. முதலில் எது சரியாக வரவில்லை, அதை உங்களுக்கு யார் சொன்னார்கள் என்று கேட்க ஒரு வரி இல்லை. பாவம், அந்தப் பெண் அதை எங்கே எழுதுவார்? அடுத்த வருடத்திலிருந்து அந்தக் கேள்வியைச் சேர்த்துவிட்டோம். இப்போது நான் முதலில் படிப்பது அந்தப் பதிலைத்தான்.

பெரிய நிறுவனங்களிலும் இதே கதைதான். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்றபின் 1976இல் 11 படுக்கைகளோடு ஆரம்பித்தது. ஊர் ஊராக முகாம் போட்டார்கள். ஆபரேஷன் இலவசம் என்று சொல்லியும், கண்புரை இருந்தவர்களில் நிறையப் பேர் வரவில்லை. ஏன் என்று அவர்களிடமே விசாரித்தபோதுதான் பஸ் காசு, வெளியூரில் சாப்பாட்டுச் செலவு, துணைக்கு வருகிறவரின் ஒரு நாள் கூலி எல்லாம் வெளியே வந்தன. அதற்கப்புறம் முகாமிலிருந்தே பஸ்ஸில் அழைத்துப்போய், சாப்பாடு போட்டு, ஆபரேஷன் முடித்துத் திரும்பக் கொண்டுவந்து விடும் ஏற்பாடு வந்தது. கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ் இறக்குமதி விலையில் ஏழைகளுக்குக் கட்டுப்படியாகவில்லை என்பதால் 1992இல் ஆரோலேப் தொடங்கி இங்கேயே செய்தார்கள். 2010இல் கான்ராட் ஹில்டன் மனிதநேய விருது, 15 லட்சம் டாலர், அவர்களுக்குக் கிடைத்தது. எல்லோரும் லென்ஸைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்கு அந்த பஸ்தான் பெரிதாகத் தெரிகிறது.

உங்கள் வகுப்புக்கு வருவோம். தண்ணீர் விடும் நாளில் பிள்ளைகள் குடத்தோடு வரிசையில் நிற்பார்கள் என்று நேரத்தை மாற்றினீர்களா? வயசுக்கு வந்ததும் நின்றுபோன பெண் பிள்ளை திரும்பி வர என்ன செய்தீர்கள்? அதை எழுதுங்கள். மூன்று பக்கம் போதும்.

டெல்லியிலிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது. எங்கள் அமைப்பு ‘தேசிய விருது’க்குத் தேர்வாகியிருக்கிறதாம். பதிவு, கேடயம், ஹால் செலவு எல்லாம் சேர்த்து ரூ.18,500 கட்டச் சொல்கிறார்கள். நாங்கள் எங்கும் விண்ணப்பிக்கவே இல்லை.
– செயலாளர், தாராபுரம்

கட்டாதீர்கள். உருப்படியான விருது எதுவும் ஜெயித்தவரிடம் காசு கேட்டு நான் பார்த்ததில்லை.

பல வருடத்துக்கு முன் எங்கள் டிரஸ்டும் இப்படி ஒரு கடிதத்தை நம்பி ரூ.6,000 கட்டியது. களப்பணியாளர்களின் சைக்கிளுக்கு டயர் மாற்ற ஒதுக்கி வைத்திருந்த பணம் அது. அந்த மழைக்காலம் முழுக்க இரண்டு பேர் தேய்ந்த டயரோடுதான் ஊர்களுக்குப் போய் வந்தார்கள். ஷீல்டில் எங்கள் பெயரில் ஓர் எழுத்து தப்பாக இருந்தது. எங்கள் வேலை என்னவென்றே அவர்களுக்குத் தெரியாது என்று அப்போதுதான் புரிந்தது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வருத்தம் அந்த டயர்தான்.

யார் நடுவர்கள், போன வருடம் யார் யாருக்குக் கொடுத்தார்கள், அவர்களுடைய இடத்துக்கு யாராவது நேரில் போனார்களா என்று மூன்று கேள்வி எழுதி அனுப்புங்கள். பதில் வராது. பெண்கள் முன்னேற்றத்துக்கும் மாற்றுத்திறனாளிகள் நலனுக்கும் உழைக்கும் நிறுவனங்களுக்குத் தமிழக அரசு சுதந்திர தின விழாவில் கொடுக்கும் விருதுகள் இருக்கின்றன. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் சம்பந்தப்பட்ட துறையில் விசாரியுங்கள். உங்கள் நேரத்தை அதில் செலவிடுங்கள்.

நாங்கள் ஓர் அரசுப் பள்ளியின் பழைய மாணவர்கள். எங்கள் தாலுகாவில் வேலை செய்யும் தொண்டு அமைப்புகளுக்கு வருடம் ரூ.1 லட்சம் விருது கொடுக்க நினைக்கிறோம். தொகை சின்னதுதான். எப்படி நடத்தினால் நன்றாக இருக்கும்?
– வாசகர், பழனி

உங்கள் கடிதத்தைப் பார்த்து மனசு நிறைந்துவிட்டது. தொகை சின்னது என்று தயங்காதீர்கள். ஜேக்கப் வான் உக்ஸ்குல் என்பவர் தன்னுடைய தபால்தலைச் சேகரிப்பை விற்ற பணத்தில் 1980இல் ஆரம்பித்ததுதான் ஸ்வீடனின் ‘ரைட் லைவ்லிஹுட்’ விருது. யார் வேண்டுமானாலும் யாரை வேண்டுமானாலும் அதற்குப் பரிந்துரைக்கலாம். கீழ்வெண்மணியில் 1968இல் 44 பேர் எரிக்கப்பட்டதற்குப் பிறகு கீழத்தஞ்சையிலேயே தங்கி, நிலச்சுவான்தார்களிடம் பேசி நிலத்தை வாங்கி நிலமற்ற தலித் பெண்கள் பெயரில் எழுதிவைத்த எங்கள் திண்டுக்கல் மாவட்டத்துக் கிருஷ்ணம்மாள் அம்மாவுக்கும், அவர் கணவர் ஜெகந்நாதன் ஐயாவுக்கும், உழுபவர்களுக்கு நிலம் வாங்கித் தரும் அவர்களுடைய ‘லாஃப்டி’ அமைப்புக்கும் 2008இல் அந்த விருது வந்தது. தபால்தலை விற்ற காசு எங்கே வந்து சேர்ந்தது பாருங்கள்.

சரி, நடத்துகிற விதம். படிவம் தமிழில் ஒரே பக்கம் இருக்கட்டும். எழுத வராதவர்கள் போனில் சொன்னால் உங்களில் ஒருவர் எழுதிக்கொள்ளலாம். பளபளப்பான ரிப்போர்ட் தயாரிக்க ஆள் வைத்திருக்கும் அமைப்புகள் எப்படியும் மற்ற விருதுகளை வாங்கிவிடும். நான் மேலே சொன்ன கேள்வியைக் கட்டாயம் சேருங்கள்: முதலில் எது சரியாக வரவில்லை, யார் சொன்னார்கள், அப்புறம் என்ன மாற்றினீர்கள்?

அடுத்தது, நேரில் போக வேண்டும். இதில் மட்டும் சலுகை காட்டாதீர்கள். கடைசிச் சுற்றுக்கு வரும் ஐந்து இடங்களுக்கும் சாதாரண வேலை நாளில் போங்கள். விருந்தாளி வருகிறார் என்று பிள்ளைகளை வரிசையாக நிறுத்திவைக்கும்படி ஆகக் கூடாது. நிர்வாகி அறிமுகப்படுத்துகிறவர்களிடம் பேசியபின், அந்த அமைப்புக்கு முன்பு வந்து இப்போது வராமல் நின்றுபோன ஒருவரின் வீட்டைக் கேட்டுப் போங்கள். நான் கற்றுக்கொண்டதெல்லாம் அந்த வீடுகளில்தான். ஒரு முறை, நல்ல பெயர் எடுத்த தையல் பயிற்சி மையம் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தோம். நின்றுபோன ஒரு பெண்ணைத் தேடிப் போனால், மையம் மாடியில் இருக்கிறது, இரண்டு வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தினமும் ஏற முடியவில்லை, குழந்தையை விடவும் இடமில்லை என்றார். நிர்வாகிக்கு அது அதுவரை தெரியாது. மறுவாரமே கீழே ஓர் அறையைப் பிடித்து, தூளி கட்ட இரண்டு கொக்கியும் போட்டுவிட்டார். அந்த வருடம் அவர்களுக்கு விருது கிடைக்கவில்லை. ஆனால் அந்தக் கொக்கி கிடைத்தது.

நடுவர் குழுவில் தலைமையாசிரியர், வங்கி மேலாளர் எல்லாம் இருக்கட்டும். கூடவே இப்படியான சேவையால் பயன்பெற்ற ஒருவரும் இருக்கட்டும். அவருக்குப் போக்குவரத்துச் செலவும் அன்றைய கூலியும் கொடுங்கள். எங்கள் குழுவில் ஒரு சுய உதவிக் குழுத் தலைவி இருக்கிறார். போகிற இடமெல்லாம் ஒரே கேள்விதான் கேட்பார்: “சார் ஒரு மாசம் ஊர்ல இல்லன்னா இது நடக்குமா?”

பணத்தைக் கொடுக்கும்போது இதற்குத்தான் செலவழிக்க வேண்டும் என்று சொல்லாதீர்கள். 2013ஆம் வருடத்துக் கம்பெனிச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்றுமுதலோ உள்ள கம்பெனிகள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணம் பெரும்பாலும் திட்டத்துக்கென்று கணக்குப் போட்டுத்தான் வரும். ஆடிட்டர் ஃபீஸ், ஆபீஸ் வாடகை, களப்பணியாளருக்கு மூன்று மாதச் சம்பள பாக்கி, இவற்றுக்குத்தான் சிறிய அமைப்புகள் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும். உங்கள் ஒரு லட்சத்தில் வாடகை கட்டினால் கட்டட்டும். ஒரு வருடம் நிம்மதியாக யோசிக்க முடிந்தால் அதுவே பெரிய விஷயம்.

கிடைக்காத அமைப்புகளுக்கு, நீங்கள் பார்த்த நல்லது ஒன்றையும் மாற்றலாம் என்று தோன்றிய ஒன்றையும் எழுதிக் கடிதம் போடுங்கள். இதை யாரும் செய்வதில்லை.

நான் ஒரு களப்பணியாளர். எங்கள் அமைப்புக்கு விருது வாங்கித் தந்த யோசனை என்னுடையது. மேடையில் ஏறியது நிர்வாகி. என் பெயரைக்கூடச் சொல்லவில்லை. வேலையை விட்டுவிடலாமா என்று இருக்கிறது.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அவசரப்படாதீர்கள் கண்ணு. உங்கள் வருத்தம் நியாயமானது. இரண்டு நாள் ஆறப் போட்டுவிட்டு, நிர்வாகியிடம் தனியாகப் போய்ச் சொல்லுங்கள்: இந்த யோசனை எப்படி வந்தது என்பதைக் கூட்டக் குறிப்பில் என் பெயரோடு பதிய வேண்டும் என்று. கேட்கக் கூச்சமாக இருந்தால் எழுதிக் கொடுங்கள். நாளைக்கு வேறு இடத்தில் வேலை தேடினாலும் அந்தக் குறிப்பு உங்களுக்கு வேண்டும்.

நிர்வாகிகளும் இதைப் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். கிராமத்து விவசாயிகளும் கைவினைஞர்களும் கண்டுபிடித்தவற்றை ஊர் ஊராக நடந்துபோய்ச் சேகரிக்கும் ‘ஹனி பீ’ வலைப்பின்னலைப் பேராசிரியர் அனில் குப்தா தொடங்கியபோதே, யாருடைய அறிவோ அவர் பெயரோடுதான் அது வெளியே போக வேண்டும் என்று வைத்தார்கள். பூவுக்கு நஷ்டமில்லாமல் தேனீ தேன் எடுக்கிறதே, அப்படி. படிக்காத விவசாயிக்குக் கொடுக்கும் மரியாதையை, நம்மோடு தினமும் வெயிலில் அலைகிற பெண்ணுக்கு ஏன் கொடுக்கக் கூடாது? ஆசியாவின் நோபல் என்று சொல்வார்களே, அந்த மகசேசே விருது 2025இல் ‘எஜுகேட் கேர்ள்ஸ்’ என்ற அமைப்புக்கே போனது. இந்தியாவிலிருந்து ஓர் அமைப்பு அதை வாங்கியது அதுதான் முதல் தடவை. ராஜஸ்தான் கிராமங்களில் தொடங்கி, பள்ளிக்குப் போகாத பெண் பிள்ளைகளை வீடு வீடாகத் தேடிக் கண்டுபிடித்தவர்கள் அந்தந்த ஊர்த் தன்னார்வலர்கள். அவர்களுக்கும் சேர்த்துக் கிடைத்த விருதாகத்தான் நான் அதைப் பார்த்தேன்.

எங்கள் விருதில், யோசனை யாருடையதோ அவர் மேடைக்கு வந்தால்தான் காசோலை கொடுக்கிறோம். மாத்திரைப் பைக்கு அந்தப் பாட்டியையும் காரில் அழைத்து வந்தோம்.

நாங்கள் ஆரம்பித்த திட்டத்தைப் பக்கத்து ஒன்றியத்து அமைப்பு அப்படியே எடுத்துச் செய்து விருதும் வாங்கிவிட்டது. புகார் கொடுக்கலாமா?
– நிர்வாகி, உசிலம்பட்டி

வேண்டாம். எங்களிடம் பார்த்தது என்று ஒரு வரி சொல்லச் சொல்லிக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. அதற்கு மேல் போகாதீர்கள். மகளிர் சுய உதவிக் குழுவை நினைத்துப் பாருங்கள். 1989இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரி மாவட்டத்தில் தொடங்கியது. 1992இல் கிராம வளர்ச்சிக்கான நபார்டு வங்கி 500 குழுக்களை வங்கியோடு இணைத்துப் பார்த்தது. ஒருவர் செய்ததை இன்னொருவர் பார்த்துப் பார்த்துத்தான் இன்று தெருவுக்குத் தெரு குழு இருக்கிறது. அதே குழுக்களைக் கிருஷ்ணகிரிப் பக்கம் ஆயிரக்கணக்கில் கட்டி வளர்த்த குழந்தை பிரான்சிஸ் 2012இல் மகசேசே விருது வாங்கினார். நாங்களும் அந்தப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் எங்கள் ஊரில் முதல் குழுவை ஆரம்பித்தோம்.

விருது வாங்கிய முயற்சிகளில் உங்கள் மனசில் நின்றது எது?
– வாசகர், திருமங்கலம்

பழந்துணியை வைத்து வேலை செய்யும் ‘கூஞ்ச்’ அமைப்பு. 2005 ஜனவரியில், சுனாமி வந்த பத்துப் பதினைந்து நாளில், நிவாரண லாரியோடு நாகப்பட்டினம் போயிருந்தேன். சாலையோரம் பழந்துணி குவியல் குவியலாகக் கிடந்தது. நாடெங்கும் இருந்து அன்பாகத்தான் அனுப்பியிருந்தார்கள். ஆனால் கிழிந்த சட்டை, ஊக்கு இல்லாத ஜாக்கெட், கம்பளி ஸ்வெட்டர். ஒரு மீனவப் பெண் ஒன்றை எடுத்து விரித்துப் பார்த்துவிட்டு, மடித்துத் திரும்ப அங்கேயே வைத்தார். தூக்கி எறியவில்லை, மடித்து வைத்தார். அந்தக் கை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

டெல்லியில் 1999இல் அன்ஷு குப்தா தொடங்கிய கூஞ்ச், அப்படி மிஞ்சிய துணிகளைத் தரம் பிரித்து வேறு வேறு உபயோகத்துக்கு மாற்றியது. பருத்தித் துணி மாதவிடாய்க்கான நாப்கின் ஆனது. கிராமத்தார் குளம் வெட்டினால், பாதை போட்டால், அந்த உழைப்புக்கு மரியாதையாகத் துணி கொடுக்கும் முறை வந்தது. கை நீட்ட வேண்டியதில்லை பாருங்கள். 2015இல் அவருக்கும் மகசேசே கிடைத்தது. அன்று செய்தியைப் படித்தபோது அந்த மீனவப் பெண்ணைத்தான் நினைத்துக்கொண்டேன்.

வெளிநாட்டு அமைப்பு ஒன்று எங்களுக்குப் பரிசுத் தொகை தருவதாகச் சொல்கிறது. நேராக எங்கள் டிரஸ்ட் கணக்கில் வாங்கலாமா?
– பொருளாளர், கம்பம்

வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டம், 2010இன்படி பதிவோ முன்அனுமதியோ இல்லாமல் வாங்காதீர்கள். பதிவு இருந்தாலும் பணம் முதலில் டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் இதற்கென்றே திறந்த கணக்குக்குத்தான் வர வேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, வேறு அமைப்புக்கு மாற்றவும் கூடாது. இவையெல்லாம் 2020 திருத்தத்தில் வந்தவை. நிறுவனர் பெயரில் வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பரிசு அறிவிப்புக் கடிதத்தோடு இந்த வாரமே ஆடிட்டரைப் பாருங்கள்.

நான் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு வீடாகப் போய்ச் சர்க்கரை, பிரஷர் மாத்திரை கொடுக்கும் தன்னார்வலர். சில மாதம் முன் மாத்திரைப் பை பற்றி ஒரு வரி எழுதியிருந்தீர்கள். எப்படித் தைப்பது என்று சொல்வீர்களா?
– வாசகி, நத்தம்

தைக்கும் பெண்ணிடமே கேட்டு எழுதுகிறேன். அவர் பெயரைப் போட வேண்டாம் என்றார், ஆனால் எல்லோரும் தைக்கட்டும் என்றார். அகலம் ஒரு சாண், நீளம் இரண்டு சாண். வெளிர் நிறத் துணி எடுங்கள், படத்துக்குக் கறுப்போ அடர்சிவப்போ நூல். பாக்கெட்டின் வாய் மூடாமல் இருக்கட்டும். பட்டன் வைத்தால் விரல் மடங்காதவர்களால் திறக்க முடியாது. மாத்திரையை அட்டையிலிருந்து பிரிக்காமல், அட்டையாகவே கத்தரித்து வையுங்கள். எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்பதை நர்ஸிடம் காட்டிச் சரிபார்த்த பிறகுதான் பாக்கெட்டில் போட வேண்டும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஆணி உயரத்தில் இருக்கட்டும், ஆனால் பாட்டியின் கைக்கு எட்ட வேண்டும். அவரையே நிற்கவைத்து அளந்து அடியுங்கள்.

ராத்திரிக்குப் பாய்க்குப் பதிலாகத் தலையணை தைக்கலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். மத்தியானம் தலையணை போட்டுப் படுக்கிறவர்கள் இருக்கிறார்களாம்.